முடித்தவர் என்று யாரை எழுதுவது?

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று ஊரிலும் ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிக்கிறவர்களுமாகச் சேர்ந்து, நம்ம பக்கத்திலேயே ஒரு டிரையத்லான் நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கோவாவில் 2019-இல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியின் அதே அளவு (70.3 என்பது மொத்தத் தூரம், மைலில்). தைப் பொங்கல் முடிந்ததும் வைப்பதா, ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி வைப்பதா என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய இழுபறி வேறொன்றில் நடக்கிறது. ஃபினிஷர் மெடல் யாருக்கு? முடித்தவர் பட்டியலில் யார் பேர் வரும், யார் பேர் வராது?

வெளியிலிருந்து கேட்பவருக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். மாதக்கணக்காக விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பயிற்சியை முடித்துவிட்டு ஷிப்டுக்கோ கடைக்கோ ஓடுகிற ஒருவருக்கு, அந்தப் பட்டியலில் பேர் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. அதனால் மற்ற இடங்களில் இதை எப்படி முடிவு செய்திருக்கிறார்கள், அவற்றில் நமக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கடிகாரம். முழு அயர்ன்மேனுக்கு, அதாவது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, 17 மணி நேரம். இடையிலும் கட் ஆஃப், அதாவது நேர வரம்பு, உண்டு. பெரும்பாலான போட்டிகளில் நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள்ளும், சைக்கிளைத் தொடக்கத்திலிருந்து பத்தரை மணி நேரத்துக்குள்ளும் முடித்தாக வேண்டும். கோவா 70.3-க்கு மொத்தம் எட்டரை மணி நேரம். ஒரு நொடி பிந்தினாலும் டி.என்.எஃப், அதாவது முடிக்காதவர் கணக்கு.

இந்த ஒரு நொடிக் கணக்கு எவ்வளவு கொடுமையானது என்பதற்கு ஹிரோமு இனாடா என்ற ஜப்பானியரைச் சொல்ல வேண்டும். 70 வயதில்தான் அவர் முதல் டிரையத்லானே செய்தார். 2015-இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில், 82 வயதில், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தார். எழுந்து வந்து கோட்டைத் தாண்டியபோது 17 மணி நேரம் 5 நொடி. முடித்தவர் பட்டியலில் அவர் பேர் இல்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து வரம்புக்குள் முடித்தார். 2018-இல் 85 வயதில் 16 மணி 53 நிமிடத்தில் மறுபடியும் முடித்தார்.

அதே போட்டியின் பழைய பதிவைப் புரட்டினால் 1981-இல் வால்ட் ஸ்டாக் என்பவர் 73 வயதில் முடித்திருக்கிறார். எடுத்துக்கொண்ட நேரம் 26 மணி 20 நிமிடம். அவர் அன்றும் முடித்தவர், இன்றும் முடித்தவர். ஏனென்றால் அப்போது இந்த 17 மணி வரம்பு இல்லை. 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த முதல் போட்டியில், ஆளுக்கொரு துணைக்குழு கூடவே போனது. எத்தனை நேரமானாலும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. கூட்டம் பெருகிய பிறகுதான் வரம்பு தேவைப்பட்டது. 17 என்பது மனித உடம்பு வகுத்த எல்லை இல்லை. நடத்துகிறவர்களின் வசதிக்கு ஏற்ப வைத்த எண். அந்த வசதி தேவையானது, நியாயமானது. ஆனாலும் அதை எண் என்றே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் குழுவில் பல வருடம் ஓடிவருகிற மூத்த அண்ணன் ஒருவர் இதில் கறார். நான் இனாடா கதையைச் சொல்லி, "அஞ்சு செகண்டுதானுங்ண்ணா, அதுக்குப் போயி…" என்று இழுத்தேன். "இன்னைக்கு அஞ்சு செகண்டு விட்டுப்போட்டா அடுத்த வருசம் அஞ்சு நிமிசம் கேப்பாங்க கண்ணு. அப்பறம் எட்டு மணி இருபத்தொம்பது நிமிசத்துல வந்தவனுக்கு என்ன மரியாதை?" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில் 12 மணி நேரம் ஆனதும், ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் துப்பாக்கி வெடிப்பார். யார் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்று அவர் பார்க்கவே கூடாது என்பதற்காகத்தான் அப்படி. பார்த்தால் மனம் இளகும். ஒருவருக்கு இளகினால் அவருக்குப் பின்னால் வருகிறவருக்கும் இளக வேண்டும். இன்னொன்றும் உண்டு. இரவு மூன்று மணியிலிருந்து சந்திப்புகளில் நிற்கிற கல்லூரிப் பிள்ளைகள், போக்குவரத்துப் போலீஸ், ஆம்புலன்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருப்போம். அவர்கள் சம்பளத்துக்கோ மெடலுக்கோ வந்தவர்கள் இல்லை. அந்தப் பேச்சை மீற நமக்கு உரிமை கிடையாது.

ஆக, கடிகாரம் வேண்டும். ஆனால் யாருடைய கடிகாரம்? கோவாவின் எட்டரை மணியை அப்படியே எடுத்து இங்கே ஒட்டிவிடலாம் என்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம். சைக்கிளில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் போனால் 90 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் என்றால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். உடை மாற்ற, ஷூ மாட்ட 20 நிமிடம். மொத்தம் எட்டரை. இந்தக் கணக்கில் மூச்சுவிட இடமே இல்லை. இதையே ஆகஸ்டில், பல்லடம் உடுமலைப் பக்கம் செய்து பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிறது. எதிர்க்காற்றில் 22.5 என்பது 18 ஆகிவிடும். போகும்போது இழந்ததை வரும்போது பின்காற்று முழுசாகத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை, ஏனென்றால் எதிர்க்காற்றில் செலவாகிற நேரம்தான் அதிகம். சுற்று முழுக்கச் சராசரி 18-இல் நின்றுவிட்டால் சைக்கிளுக்கு மட்டும் ஐந்து மணி நேரம் ஆகும். அதே ஆள், அதே உழைப்பு, ஒரு மணி நேரம் போய்விட்டது. தை மாதம் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே தேதி தெரியாமல் கட் ஆஃப் எழுதுவது வீண்வேலை.

நீச்சலிலும் நம்ம ஊர் நிலைமை வேறு. இங்கே நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலரும் கிணற்றில் பழகியவர்கள். முதுகில் சுரைக்குடுவை கட்டி இறக்கிவிட்டு, பிறகு அதைக் கழற்றிவிட்டுத் தள்ளிவிட்ட மாமன்மாரிடம் கற்றவர்கள். ஒரு மணி நேரம் அசராமல் நீந்துவார்கள், ஆனால் தலையைத் தூக்கிக்கொண்டு, மெதுவாக. 1 மணி 10 நிமிடம் என்பது 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 நொடி. அவர்களில் பாதிப் பேர் இதில் நின்றுபோவார்கள். பெண்களில் பலருக்கு நீச்சல் குளத்துக்குள் நுழையக் கிடைக்கிற நேரமே வாரத்துக்கு இரண்டு மூன்று மணிதான். பத்து நிமிடம் கூட்டி 1 மணி 20 நிமிடம் வைத்தால் 100 மீட்டருக்கு 4 நிமிடம் 12 நொடி கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, இரண்டாவது வழி. நேரமே வேண்டாம், தூரத்தை முடித்தால் போதும் என்பது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களிடம் எத்தனை மணி நேரத்தில் வந்தாய் என்று யார் கேட்கிறார்கள், நடந்து வந்தாயா என்றுதானே கேட்கிறோம் என்று ஒரு தங்கச்சி கூட்டத்தில் கேட்டார். கேள்வி அழகானது. நெஞ்சளவில் எனக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் யாத்திரைக்கு வழிநெடுக அன்னதானமும் தங்குமிடமும் ஊர் ஊராக ஆட்களும் பல தலைமுறையாக உருவாகியிருக்கிறார்கள். அவர்களுக்கு இரவும் ஒரு பொருட்டில்லை. நமக்கு இருப்பது ஒரு ஆம்புலன்ஸ், நாற்பது பிள்ளைகள், மதியத்துக்கு மேல் லாரிகள் திரும்பி வரும் ஒரு சாலை. ஐந்து மணிக்கு மேல், சோர்ந்துபோன ஒருவரை அந்தச் சாலையில் தனியாக விட்டுவைப்பது அன்பு ஆகாது.

மூன்றாவது, வகைவகையாகப் பிரிப்பது. நார்வேயின் நார்ஸ்மேன் போட்டி இதற்குப் பேர் போனது. 2003 முதல் நடக்கிறது. படகிலிருந்து ஃபியார்டு எனும், மலைகளுக்கு நடுவே நீளும் கடல்கழியின் குளிர்ந்த நீரில் குதித்துத் தொடங்கி, கௌஸ்டாடாப்பன் மலை உச்சியில் முடியும். மலையடிவாரச் சோதனைச் சாவடியை வரம்புக்குள் தாண்டுகிற முதல் 160 பேர் மட்டும் உச்சிக்குப் போகலாம். அவர்களுக்குக் கறுப்பு டி-ஷர்ட். மற்றவர்கள் கீழேயே ஓடி முடிப்பார்கள், அவர்களுக்கு வெள்ளை டி-ஷர்ட். இரண்டு பேருமே அதிகாரப்பூர்வமாக முடித்தவர்கள். மலை ஏறும் பாதையில் கூட்டத்தைக் குறைக்க வேண்டிய நியாயமான காரணம் அவர்களுக்கு இருக்கிறது. காம்ரேட்ஸிலும் நேரத்துக்கு ஏற்ற மெடல்கள் உண்டு. 11 மணியிலிருந்து 12 மணிக்குள் வருகிறவர்களுக்கு, அந்த ஓட்டத்தைத் தொடங்கிய விக் கிளாபம் பேரிலேயே ஒரு மெடல் தருகிறார்கள். கடைசியில் வருகிறவர்களுக்குத் தொடங்கியவரின் பேர் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

ஆனாலும் நமக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். இங்கே தங்கம், வெள்ளி என்று பிரித்தால் அடுத்த நாளே வாட்ஸ்அப்பில் "உனக்கு என்ன கலர்" என்ற பேச்சு வந்துவிடும். மெடலின் நிறத்தைக் கேட்டு ஆளை எடை போடுவார்கள். முதல் மூன்று பேருக்குத் தனிப் பரிசு கொடுக்கத்தான் போகிறோம், வேகத்துக்கு அந்த மரியாதை போதும்.

தொடங்கிய எல்லோருக்கும் மெடல் என்பதும் ஒரு வழிதான். பல ஊர் ஓட்டங்களில் பிப் (நெஞ்சில் குத்துகிற நம்பர் தாள்) வாங்கும்போதே மெடலும் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து கிலோமீட்டர் குடும்ப ஓட்டத்துக்கு அது சரி. இதற்குப் பொருந்தாது.

எனக்கு மனம் நிற்பது இன்னொரு வழியில். அது டிரையத்லானிலிருந்து வந்தது இல்லை, நம்ம சைக்கிள்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பி.ஆர்.எம். எனும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களிலிருந்து வந்தது. 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. பஞ்சர் ஒட்டுகிற நேரம், சாப்பிடுகிற நேரம், பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்துக்கொள்கிற நேரம் எல்லாம் இதற்குள்தான். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புகிற புகழ்பெற்ற 1200 கிலோமீட்டர் பயணத்துக்கே அதிகபட்சம் 90 மணி நேரம்தான். இதில் முதலாவது, இரண்டாவது கிடையாது. எட்டு மணி நேரத்தில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மெடல். அதே சமயம் வழியில் சாவடிக்குச் சாவடி அட்டையில் முத்திரை விழ வேண்டும், சாவடி தவிர வேறெங்கும் காரில் வந்து யாரும் உதவக் கூடாது. வேகத்தை விட்டுவிட்டார்கள், தூரத்தை இறுக்கிப் பிடித்தார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. நம்ம ஊர்ப் போட்டிகளில் நேர்மாறாக நடக்கிறது. அளப்பதற்குச் சுலபமான கடிகாரத்தில் கறாராக இருக்கிறோம், அளப்பதற்குக் கஷ்டமான தூரத்தில் தாராளமாக இருக்கிறோம். உள்ளூர் போட்டிகளில் தொண்டு வேலைக்கு நின்றபோது நான் கண்ணால் பார்த்தது இது. பைக்கில் நண்பன் முன்னால் காற்றை மறைத்துப் போக, பின்னால் ஒட்டிக்கொண்டே பாதித் தூரம் வந்தவர் உண்டு. திரும்ப வேண்டிய இடத்தில் வைத்த கோனுக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே திரும்பியவரும் உண்டு. அவர்கள் கழுத்தில் மெடல் ஏறியது. முழு தூரத்தையும் தனியாகச் செய்து மூன்று நிமிடம் பிந்திய ஒரு அக்கா வெறுங்கழுத்தோடு வீட்டுக்குப் போனார். இவர்களில் முடித்தவர் யார் என்று குழந்தையிடம் கேட்டால்கூடச் சரியாகச் சொல்லும்.

ஆகவே விவரத்துக்கு வருகிறேன். நீச்சல் எங்கே என்பதில் ஏற்கனவே முடிவுக்கு வந்துவிட்டோம். அமராவதி அணையில் முதலைகள் இருப்பது ஊரறிந்த விஷயம், பவானிசாகரிலும் அதே கதை. குளம்தான். 50 மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்பது 38 நீளம், 25 மீட்டர் குளத்தில் 76. இருபதைத் தாண்டினாலே நீந்துகிறவருக்கு எண்ணிக்கை குழம்பிவிடும். நேர்மையானவர்களுக்கும் குழம்பும். ஒவ்வொரு லேனுக்கும் இரண்டு பேர் தாளில் கோடு போட்டு எண்ண வேண்டும், இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு நீளம் போகச் சொல்ல வேண்டும். சைக்கிளில், முன்னால் போகிறவர் காற்றை மறைக்க ஒட்டிக்கொண்டு போகாமலிருக்க அயர்ன்மேனில் சைக்கிளுக்குச் சைக்கிள், முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை, 12 மீட்டர் இடைவெளி வேண்டும், முந்துவதற்கு 25 நொடி. நம்ம ஆட்களுக்கு இது புது விஷயம் என்பதால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கோன் இருக்கிற இடத்தில் எல்லாம் ஒரு பிள்ளை பிப் நம்பரை எழுதட்டும். எழுதாத நம்பருக்கு மெடல் இல்லை. பிறகு தெரியவந்தாலும் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிட வேண்டும்.

உதவி என்ற விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 2016-இல் மெக்ஸிகோவின் கோசுமெலில் (அது குறைந்த தூரப் போட்டி) கடைசி ஓட்டத்தில் தள்ளாடிய பிரிட்டிஷ் வீரர், தம்பி ஜானி பிரவுன்லியை அண்ணன் அலிஸ்டர் தாங்கிப் பிடித்து ஓடி, கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். தம்பிக்கு இரண்டாமிடம் நிலைத்தது. உலகமே உருகியது, நானும் உருகினேன். ஆனால் அதை ஒரு விதியாக நம்மால் வைக்க முடியாது, உடம்பு கெட்டுப்போனவரைக் கோடு தாண்ட வைப்பதைவிட நிறுத்திப் படுக்க வைப்பதுதான் முக்கியம். 1982-இல் ஹவாயில் ஜூலி மாஸ், முன்னணியில் இருந்து கடைசிச் சில அடிகளில் விழுந்து விழுந்து, தவழ்ந்து வந்து இரண்டாவதாக முடித்தார். அவரை யாரும் தூக்கவில்லை.

இவற்றோடு டிக் ஹாய்ட், ரிக் ஹாய்ட் இருவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மகன் ரிக்கிற்கு மூளை வாதம். அப்பா டிக், மகனைப் படகில் வைத்து இழுத்து நீந்தி, சைக்கிளின் முன் இருக்கையில் உட்கார வைத்து மிதித்து, வண்டியில் தள்ளி ஓடி 1989-இல் ஹவாய்ப் போட்டியை முடித்தார். 2020-இல் கிறிஸ் நிகிச், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் முதல் ஆளாக, ஃபுளோரிடாவில் முழு அயர்ன்மேனை 16 மணி 46 நிமிடம் 9 நொடியில் முடித்தார். வழித்துணை ஒருவர் கூடவே இருந்தார். இவர்களுக்கெல்லாம் துணை உண்டு என்பது தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். நிகிச்சுக்குக் கடிகாரமும் அதே 17 மணிதான். நம்ம போட்டியிலும் பார்வை இல்லாதவர் கயிறு கட்டிய துணையோடும் இரட்டைச் சைக்கிளோடும் வரட்டும், முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். ஓடி முடித்தால் இருவர் பேரும் பட்டியலில் வரட்டும், துணையாக வந்தவருக்கும் மெடல் கொடுக்க வேண்டும்.

நீச்சல், சைக்கிள், ஓட்டத்தை ஆளுக்கொன்றாகப் பிரித்துச் செய்கிற ரிலே அணிக்கு அணியின் பேரில் அங்கீகாரம், தனி ஆளாக முடித்தவர்களோடு கலக்க வேண்டாம். மழை இடி என்று நீச்சல் ரத்தானால் அன்றைய தூரத்தை முடித்தவர்களும் முடித்தவர்களே. 2018-இல் அமெரிக்காவின் சாட்டனூகா அயர்ன்மேனில் ஆற்று வெள்ளத்தால் நீச்சலை நிறுத்தியபோதும் அப்படித்தான் செய்தார்கள். பட்டியலின் தலைப்பில் "நீச்சல் நடக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இனி, பிந்தியவர்கள். அவர்களுக்கு மெடல் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட் ஆஃப் அடிக்கிற நேரத்தில் கடைசி இரண்டு கிலோமீட்டர் சுற்றுக்குள் வந்துவிட்டவர்களை வெளியே அனுப்பாமல், மூடிய வளாகத்துக்குள்ளேயே ஓடி முடிக்க விட வேண்டும். கடிகாரத்தை அணைக்கக் கூடாது. அதே தாளில், கீழே, "நேரம் கடந்து முழுத் தூரமும் முடித்தவர்கள்" என்று தலைப்பிட்டு அவர்கள் பேரையும் சரியான நேரத்தையும் அச்சிட வேண்டும். இனாடாவின் அந்த 17 மணி நேரம் 5 நொடி இன்று நமக்குத் தெரிகிறது என்றால், கட் ஆஃபுக்குப் பிறகும் அங்கே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ குறித்து வைத்தார்கள். டி.என்.எஃப் என்ற மூன்றெழுத்தில் எல்லோரையும் அடைத்தால், நீச்சலில் எழுந்துபோனவரும் 113 கிலோமீட்டர் முழுக்கச் செய்து இரண்டு நிமிடம் பிந்தியவரும் ஒரே கூட்டமாகிவிடுவார்கள். அண்ணனுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "ரெண்டு பட்டியல் வெச்சா ரெண்டும் ஒண்ணுன்னு ஆயிருங்க" என்கிறார். மெடல் இல்லாததே வித்தியாசத்தைக் காட்டிவிடும் என்பது என் பதில்.

அடுத்த கூட்டத்தில் முதலில் தேதியை முடிவு செய்வோம். தை என்றால் மொத்தம் 9 மணி நேரம், நீச்சலுக்கு 1 மணி 20 நிமிடம். ஆகஸ்ட் என்றால் காற்றுக்காக சைக்கிளில் அரை மணி கூட்டி 9 மணி 30 நிமிடம். எதுவானாலும் பதிவுப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே, துணை பற்றிய விதியோடும் 12 மீட்டர் விதியோடும் சேர்த்துப் பெரிய எழுத்தில் போட வேண்டும். லேன் எண்ணுவதற்கு மட்டும் குறைந்தது பதினாறு பேர் தேவைப்படுவார்கள். தாளும் பேனாவும் நாங்கள் தருகிறோம், விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்துக்கு வந்தால் போதும்.